அப்பா என்னும் வினைச்சொல்

பிப்ரவரி 4, செவ்வாய்

புது வழக்கு. நகரக் கவுன்சில் அலுவலகத்தின் மூன்றாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை. யார் பெயரையும் எங்கும் எழுதக் கூடாது என்பது மொழிபெயர்ப்பாளர் வேலையில் முதல் விதி. அதனால் பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

அவரை வேல்ச்சாமி என்று வைத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவில் பக்கம். இந்த ஊர் ஓட்டல் ஒன்றில் தோசை மாஸ்டர். மனைவி நிர்மலா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். டிசம்பரில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, இரண்டாம் நாள் இறந்துபோனார். ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. அதற்கு ஆதிரை என்று பெயர் வைக்கிறேன். எப்போதோ யோசித்து வைத்திருந்த பெயர், வீணாகப் போக வேண்டாம்.

ஆதிரை நிர்மலாவின் முதல் கல்யாணத்தில் பிறந்தவள். பெற்றவன், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஒரு வயதாகும்போது வேல்ச்சாமி நிர்மலாவைக் கட்டிக்கொண்டார். தத்து எடுத்ததாக எதையும் பதிவு செய்யவில்லை. தேவைப்படும் என்று யார் நினைத்தார்கள்? இப்போது பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று சட்டப்படி முடிவாக வேண்டும். மதுரையில் நிர்மலாவின் அக்கா இருக்கிறார். அவர் பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

விசாரிக்கும் சமூகப் பணியாளர் ரூத். ஐம்பது வயதிருக்கும். இருமிக்கொண்டே இருந்தார். வேல்ச்சாமிக்குத் தன் கையால் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்லவர்தான். ஆனால் அவர் பேச்சில் எந்தப் பெயர்ச்சொல்லும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, எழுந்து வேலைக்குப் போய்விடுகிறது. டைம்லைன் என்பார், அதைச் செய்ய வேண்டும் என்பார். டாஸ்க் என்பார், யாரையாவது டாஸ்க் செய்துவிடுவார். பழகிவிட்டது எனக்கு. பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில் இதுதான் பிழைப்பு.

"டிட் யூ ஃபாதர் ஹெர்?" என்று கேட்டார் ரூத்.

அப்பா என்ற சொல்லை வினையாக்கிக் கேட்கிறார். பெற்றது நீயா என்று பொருள். அப்படியே கேட்டேன்.

"பிள்ளையப் பெத்த அப்பா நீங்களா?"

"பெத்தது நானில்ல மேடம்." உடனே அவசரமாக, "ஆனா ஒரு வயசுல இருந்து எங்கிட்டதான வளருது," என்றார்.

அவர் 'நான்' என்று சொன்னால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதுவும் விதி. நான் அவளைப் பெறவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்தது, "ஹூ மதர்ஸ் ஹெர் நவ்?"

"இப்ப அம்மா ஸ்தானத்துல இருந்து யாரு பாத்துக்கிறா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவதான் போயிட்டாளே மேடம். அந்த எடத்துல யாரு இருக்கா? யாருமில்ல."

யாருமில்லை என்றேன். ரூத் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் அப்பாவை வினையாக்கினால் ஒரே ஒரு தடவை செய்யும் காரியம். அம்மாவை வினையாக்கினால் தினமும் செய்யும் காரியம். தலை வாருவது, சோறு ஊட்டுவது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். அந்த மனிதர் இரண்டு கேள்விக்கும் உண்மையைச் சொன்னார். இரண்டுக்கும் இல்லை என்று பதிவாகிவிட்டது.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தயாளன் இந்த வாரமும் வரவில்லை. ரயில் பாதையில் ஏதோ வேலையாம். ரீடிங் நகரில் இந்த ஒப்பந்த வேலை கிடைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு மிஸஸ் பிரையர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டே கேட்டார், உன் கணவர் இப்போது அங்கேயே 'வீக்கெண்ட்' செய்கிறாரா என்று. சனி ஞாயிறைக்கூட வினையாக்கி வைத்திருக்கிறார்கள். ஆமாம், வேலை அதிகம் என்றேன்.

பாய்லர் சத்தம் போடுகிறது. ஆள் புதன்கிழமைதான் வருவானாம்.

பிப்ரவரி 22, சனி

தயாளன் வந்தார். வந்ததும் படுத்துவிட்டார். மூன்று மணிக்கு எழுப்பிச் சாப்பாடு போட்டேன். வத்தக்குழம்பும் அப்பளமும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன் இப்படி இருக்கீங்க? ராத்திரி தூங்குறதில்லையா?"

"ரூம்ல கூட இருக்கானே, அவனுக்குக் கொழந்த பொறந்திருக்கு. ஊர்ல இருந்து பொண்டாட்டி வந்திருக்கா. கத்திக்கிட்டே இருக்கு."

"என்ன கொழந்த?"

"தெரியல. கேக்கல," என்றார்.

ஒரே வீட்டில் இருக்கிறார், ஆணா பெண்ணா என்று தெரியாதாம். ஆண்கள் அப்படித்தான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவது கூட்டம். மதுரையிலிருந்து நிர்மலாவின் அக்கா திரையில் வந்தார். அவரைக் கனகா என்று எழுதுகிறேன். கல்லூரிப் பேராசிரியை. காட்டன் புடவை, பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். ஆங்கிலம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. அவருக்கு நான் தேவையே இல்லை. வேல்ச்சாமிக்கு மட்டும் காதோரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரூத் வேல்ச்சாமியிடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை நீங்கள் 'எவிடென்ஸ்' செய்ய வேண்டும் என்றார். சாட்சியம் என்ற சொல்லும் வினையாகிவிட்டது.

"நீங்க பிள்ளையப் பாத்துக்கிறதுக்கு ஆதாரம் காட்டணும்னு சொல்றாங்க."

"என்ன ஆதாரம் மேடம்? காலைல எந்திருச்சி பால் காய்ச்சுதேன். தல சீவி விடுதேன். இதுக்கெல்லாம் ரசீதா போட்டுத் தருவாக?"

சொன்னேன். ரூத்தின் முகம் சற்றுத் தளர்ந்தது.

பிறகு கனகா பேசினார். வேல்ச்சாமி நல்லவர், என் தங்கையை நன்றாக வைத்திருந்தார், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் இந்தக் குழந்தையை ஃபாதர் செய்தவர் இல்லை. பெண் குழந்தைக்கு நாளைக்கு ஆயிரம் தேவை வரும். அவளுக்கு மதரிங் வேண்டும். அது என் வீட்டில் கிடைக்கும்.

கண் கலங்கித்தான் பேசினார். தங்கையைப் பறிகொடுத்தவர். தங்கையின் முகம் அந்தப் பிள்ளையிடம் இருக்கும்.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். 'அவர் பெற்றவர் இல்லை' என்பதையும் சொன்னேன். வேல்ச்சாமி திரையைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"மதினி எங்கிட்ட எப்பவும் தமிழ்லதான பேசுவாக. இன்னைக்கி எதுக்கு மேடம் இங்கிலீஷ்ல பேசுதாக?"

அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. ரூத்துக்கு நான் சொன்னதைக் கனகாவும் கேட்டார். எதிரே இருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார்.

அங்கேதான் நான் கையைத் தூக்கினேன். மொழியில் ஒரு குழப்பம் இருந்தால் 'மொழிபெயர்ப்பாளர் விளக்கம் தர விரும்புகிறார்' என்று சொல்லி இடையில் பேசலாம், அனுமதி உண்டு. சென்ற கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகளையும் சொன்னேன். ஃபாதர் என்ற வினைக்குத் தமிழில் பெற்றான் என்றுதான் வரும், வளர்த்தான் என்று வராது. மதர் என்ற வினையை ஓர் ஆணிடம் கேட்டால், அம்மாவின் இடத்தில் வேறொரு பெண் இருக்கிறாளா என்று கேட்பதாகத்தான் அவர் காதில் விழும். இறந்த மனைவியின் இடத்தில் யாரும் இல்லை என்று அவர் சொன்னது அதற்குப் பதில். பிள்ளையைக் கவனிக்க ஆள் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு தடவை செய்துவிட்டுப் போகிறவனுக்கு உங்கள் மொழியில் வினைச்சொல் இருக்கிறது, ஐந்து வருடம் வளர்த்தவனுக்கு இல்லை, அது அவருடைய தப்பா என்று கேட்டுவிட்டேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. ரூத் "தேங்க் யூ" என்றார்.

மார்ச் 10, திங்கள்

மொழிபெயர்ப்பு ஏஜென்சியிலிருந்து அமர்ஜித் போன் செய்தான். என்னை ஃப்ளாக் செய்திருக்கிறார்களாம், அதாவது என்மேல் புகார். கொடி. என் தலையில் ஒரு கொடியை நட்டிருக்கிறார்கள்.

"மங்கை, நீ குழாய். தண்ணீர் உன் வழியாகப் போக வேண்டும். குழாய்க்கு அபிப்பிராயம் கிடையாது," என்றான் அவனுடைய பஞ்சாபி ஆங்கிலத்தில்.

"குழாயில் அடைப்பு இருந்தால் சொல்லலாம் இல்லையா?"

"அடைப்பைப் பற்றிச் சொல்லு. தண்ணீரைப் பற்றிப் பேசாதே. இன்னொரு முறை நடந்தால் இந்த வழக்கில் வேறு ஆளைப் போட வேண்டி வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்றான்.

பாய்லரைச் சரி செய்துவிட்டார்கள் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

அகராதியைப் புரட்டினேன். ஹஸ்பண்ட் என்பதும் வினைச்சொல்லாம். இருப்பதைச் சிக்கனமாகச் செலவழித்தல் என்று போட்டிருக்கிறது. வைஃப் என்பதற்கு அப்படி எதுவும் காணோம்.

ஏப்ரல் 3, வியாழன்

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நாள். ரூத்தின் காரில் போனேன். வழியில் என்மேல் வந்த புகாரைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. புகார் செய்தது தான் அல்ல என்று மட்டும் சொன்னார்.

இரண்டு அறை வீடு. ஓட்டலில் பகல் வேலை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார் வேல்ச்சாமி. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறார், விடும் நேரத்துக்கு வாசலில் இருக்கிறார். ஜன்னல் கம்பியில் சின்னச் சின்ன காலுறைகள் ஜோடி ஜோடியாகக் காய்ந்தன. நிர்மலாவின் படத்துக்கு மாலை இல்லை. பிள்ளை பயப்படுகிறாள் என்று எடுத்துவிட்டாராம்.

ஆதிரை எங்களைப் பார்த்ததும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். இரட்டைப் பின்னல், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தது. பள்ளியில் ஆங்கிலம், அப்பாவிடம் தமிழ். எனக்கு வேலையே வைக்காமல் இரண்டு பக்கமும் பேசக்கூடியவள். ஆனால் குழந்தையை மொழிபெயர்க்க விடக் கூடாது. அது சரியான விதி.

ரூத் தரையில் உட்கார்ந்தார். முட்டி வலியோடுதான் உட்கார்ந்தார். கொண்டுவந்திருந்த காகிதத்தில் இருவருமாக வீடு வரைந்தார்கள். பூனை வரைந்தார்கள். பூனைக்கு அப்பாவின் மீசை வைத்தாள் ஆதிரை. மெதுவாகப் பேச்சு வந்தது. வீட்டில் உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ரூத் கேட்டார். நேராகவே கேட்டார், எந்த வினையையும் வளைக்காமல்.

பிள்ளை பென்சிலை எடுக்காமலே சொன்னாள். "அப்பா மம்ஸ் மீ."

ரூத்துக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்திருப்பாள் போல, தலையைத் தூக்கி இன்னொரு முறை சொன்னாள். "ஹி மம்ஸ் மீ. அண்ட் ஹி டாட்ஸ் மீ ஆன் சண்டேஸ். இன் தி பார்க்."

ரூத் எழுதவில்லை. பேனா அப்படியே நின்றது.

வேல்ச்சாமி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றவர், "பிள்ள என்ன சொல்லுதா மேடம்?" என்றார்.

அந்த வீட்டில் பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள். ஆனால் எப்படிச் சொல்வது? அப்பா என்னைத் தாய் போல் கவனிக்கிறார் என்றால் அது பேராசிரியை சொல்வது மாதிரி இருக்கும். பிள்ளை அப்படிச் சொல்லவில்லை. அம்மா என்ற சொல்லை எடுத்து, ஆங்கிலத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி, அதை வேலை செய்ய வைத்திருக்கிறாள். அப்படி ஒரு வினை எந்த அகராதியிலும் இருக்காது. பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் மாட்டார்கள். மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாதான் எனக்கு அம்மா பண்றாருன்னு சொல்றா," என்றேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் பார்க்ல அப்பா பண்றாராம்."

வேல்ச்சாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பிவிட்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் ஓடியது. பிள்ளை மட்டும், "அப்பா, தோச கருகுது!" என்று கத்தினாள்.

எங்களுக்கும் தோசை கொடுத்தார். விதிப்படி நான் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டேன்.

இறங்கி வரும்போது ஆதிரை படியில் உட்கார்ந்து என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "உங்க வீட்ல பாப்பா இருக்கா?" என்றாள். அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ரூத் காரில் ஏறிவிட்டார்.

ஏப்ரல் 5, சனி

தயாளன் வந்தார். துணி துவைத்தேன். நீலச் சட்டையின் இடது தோளில் கறை. ரயிலில் பக்கத்தில் இருந்தவர் காபியைக் கொட்டிவிட்டாராம். காபிக்குப் புளித்த பால் வாசனை வராது. ஆனால் இந்த ஊர் காபியைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்? வெந்நீரில் ஊறப்போட்டேன், போய்விட்டது.

அலசும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் மட்டும்தான் பெயரை வினையாக்குகிறது என்றில்லை. நமக்கும் இருக்கிறது. விதை என்பது பொருளும்தான், விதை என்றால் வேலையும்தான். மலர், கனி, தளிர், காய், எல்லாமே அப்படி. செடிகொடிக்கு நம் மொழி அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அப்பா அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு 'பண்ணு' தேவைப்படுகிறது. நம் ஆட்கள் போன் பண்ணுவதும் ட்ரை பண்ணுவதும் கேவலம் என்று எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் திட்டுவார். வியாழக்கிழமை அந்த வீட்டில் அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை.

இதைத் தயாளனிடம் சொன்னேன், பெயர் எதுவும் சொல்லாமல். பொதுவாக, ஆங்கிலத்தில் ஃபாதர் என்ற வினைக்குப் பெறுவது மட்டும்தான் பொருள் என்று சொன்னேன்.

தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை அவர். "எதுக்கு இப்ப இதெல்லாம்?" என்றார்.

"வேலையில வந்துச்சு. சும்மா சொன்னேன்."

ஞாயிறு மாலை போகிறவர் இன்றைக்கே கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

ஒன்றும் இல்லை. மழை.

மே 12, திங்கள்

அமர்ஜித் ஒரு வேலை சொன்னான். பிரசவ வார்டு, திருச்சிப் பெண் ஒருத்திக்கு. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். பல் வலி என்றேன். போன வருடமும் அந்த ஆஸ்பத்திரி என்றால் உனக்குப் பல் வலிதான் என்றான். அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு, பிள்ளைக்கான சிகிச்சைக்கு, நானும் தயாளனும் நாலு வருடம் போய் வந்தோம். நாற்காலிகளின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. அதை எதற்கு அமர்ஜித்திடம் சொல்ல வேண்டும்?

ஆதிரை வழக்குக்கு ஜூன் ஐந்தாம் தேதி குறித்திருக்கிறார்கள். கோர்ட்டுக்கும் என்னையே போட்டிருக்கிறார்கள். ரூத் கேட்டுக்கொண்டாராம்.

தயாளன் போன வாரம் வரவில்லை. அதற்கு முந்தைய வாரமும். காரணம் சொன்னார். எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 5, வியாழன்

காலை பத்துக்கெல்லாம் கூப்பிட்டுவிட்டார்கள். குடும்ப நீதிமன்றம் என்றதும் உயரமான மேடை இருக்கும் என்று வேல்ச்சாமி எதிர்பார்த்திருந்தார். ஒரு நீள மேசைதான். கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். யாரிடமோ இரவல் வாங்கியது, தோள் இறங்கி நின்றது. மதுரையிலிருந்து கனகா திரையில்.

ரூத் தன் பரிந்துரையைச் சொன்னார். பிள்ளை வேல்ச்சாமியிடம் பாதுகாப்பாக இருக்கிறாள், அவரோடு ஒட்டியிருக்கிறாள் என்றார். ஆனால் அவருக்கு இங்கே உறவு யாரும் இல்லை, ஆங்கிலம் போதாது, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைக்கு யார் என்ற கேள்வியும் இருக்கிறது என்றார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது.

நீதிபதி ஒரு பெண்மணி. மெதுவாகப் பேசினார். வேல்ச்சாமியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை மதுரைக்குப் போக வேண்டும் என்று நான் முடிவு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அவர் இரவல் கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நானும் போயிருவேன்," என்றார். "மதினி வீட்டுப் பக்கத்துல ஏதாவது கடையில தோச சுட்டுக்கிட்டுக் கெடப்பேன். பள்ளிக்கூடம் விடுத நேரத்துக்கு வாசல்ல போயி நிப்பேன். பாக்க விட்டாலும் நிப்பேன், விடலன்னாலும் நிப்பேன். பிள்ள வெளிய வரும்போது ஒரு ஆளு நிக்கணும்லா. அவ அம்மா போன அன்னைக்கு நான் அஞ்சு நிமிசம் பிந்திப் போனேன். அழுதுக்கிட்டு நின்னா. அதுக்குப் பெறவு பிந்துனதே இல்ல."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நான் போவேன். நான் வாசலில் நிற்பேன். அவர்கள் விடாவிட்டாலும் நான் நிற்பேன். எத்தனையோ பேருக்காக 'நான்' என்று சொல்லியிருக்கிறேன், பழக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எடை போய்விட்டிருந்தது. இன்றைக்கு நடுவில் வாக்கியம் நின்றுவிட்டது. மன்னிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். ரூத் தம்ளரை நகர்த்திவைத்தார்.

மீதியையும் சொல்லி முடித்தேன்.

திரையில் கனகா கண்ணாடியைக் கழற்றியிருந்தார். நீதிபதி அவரைப் பேசச் சொன்னார். அவர் பேசினார், தமிழில்.

"தம்பி, என்னைப் பாருங்க."

வேல்ச்சாமி நிமிர்ந்தார்.

"நீங்க எங்கேயும் வந்து வாசல்ல நிக்க வேணாம். அவ உங்ககிட்டயே இருக்கட்டும். நிர்மலா போனதுல இருந்து எனக்கு அவ பிள்ளைய மடியில வச்சுக்கணும்னு ஒரு வெறி. வேற ஒண்ணும் தெரியல. பெரிய லீவுக்கு அனுப்பி வைங்க. நீங்களும் வாங்க. வந்து எங்க வீட்டுலயே தங்குங்க."

"சரி மதினி," என்றார் வேல்ச்சாமி. குழந்தை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த வழக்கில் முதல் முறையாகக் கனகாவுக்கு நான் தேவைப்பட்டேன். வெறி என்றதற்கு ஆங்கிலத்தில் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சரியாகத்தான் சொல்லியிருப்பேன்.

மதியத்துக்குப் பிறகு தீர்ப்பு. பிள்ளை வேல்ச்சாமியிடமே வளர வேண்டும். சட்டப்படி அவரே காப்பாளர். ஒரு வருடம் கவுன்சில் வந்து பார்க்கும். கோடை விடுமுறையில் மதுரை. அவருக்கு ஏதாவது ஆனால் கனகா பொறுப்பேற்பார்.

வெளியே வந்ததும் வேல்ச்சாமி கும்பிட்டார். பேச வேண்டும் என்று வாயெடுத்தார். அதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ள பள்ளிக்கூடம் விடுத நேரம் மேடம்," என்று கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினார்.

நீதிமன்ற வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கும் போக அவசரம் இல்லை.

ஜூன் 7, சனி

தயாளன் சொல்லாமல் கொள்ளாமல் பதினொரு மணிக்கு வந்தார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்து நின்றார்.

"மங்கை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை நகர்த்தினார், திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார். பீன்ஸ் முற்றல். நாரை உரித்து உரித்து விரல் நுனி பச்சையாகிவிட்டது. காரணங்களை அவர் சொல்வதும் நான் கேட்டுக்கொள்வதுமாக எவ்வளவு நாள் போயிற்று என்று யோசித்தேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேனா? இல்லை, எனக்கே தெரியாமல் என்னையா? எழுதி வைத்ததைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

"பையனா, பொண்ணா?" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பொண்ணு," என்றார்.

"எத்தன மாசம்?"

"அஞ்சாகப் போகுது." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "நான் வேணும்னு பண்ணல மங்கை. எப்படி ஆச்சுன்னு எனக்கே..."

"அத நான் கேக்கல."

அழுதார். இந்தப் பதினாலு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது இரண்டாம் மாடி நாற்காலிகளில் ஒரே ஒரு முறை. அன்றைக்கு நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க இங்க வந்து உக்காந்திருக்கீங்களே, அங்க பிள்ளைய யாரு பாத்துக்கிறா?"

"அவ மட்டுந்தான். பிள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல்."

"டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"நாளைக்குத்தான்..."

"எந்திரிங்க," என்றேன். "கெளம்புங்க."

"நாம பேச வேண்டாமா?"

"பேசணும். வக்கீல வச்சுப் பேசணும், வீட்டப் பத்திப் பேசணும், எல்லாம் இருக்கு. எனக்குக் கத்தணும்னுகூட இருக்கு. அதுக்கு இன்னொரு நாள் வாங்க, கத்துறேன். இப்ப அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். கெளம்புங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை போல. பிறகு எழுந்தார். வாசலில் ஒரு முறை நின்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் கத்தியை வைத்தேன். ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன். முதல் பத்தடி மெதுவாகத்தான் போனார், திரும்பி வந்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். அஞ்சல் பெட்டியைத் தாண்டியதும் நடையை எட்டிப் போட்டார். தெருமுனையில் ஓடினார்.